பச்சையில் நிற்காத பட்டன்

பட்டன் மறுபடியும் நீலமாகிவிட்டது.

செமிகோலன் கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். தள்ளி வைத்துப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் நீலம்தான். காபி குடிக்கப் போவதற்கு முன்னால்தான் அவனே அதைப் பச்சையாக்கி, கிளவுடில் ஏற்றி, கண்குளிரப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

செமிகோலன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சேர்ந்த புதிதில் ஒரே ஒரு அரைப்புள்ளியைப் போட மறந்து, அது எங்கே என்று மொத்த அலுவலகத்தையும் தேட வைத்தவன் என்பதால் அலுவலகம் வைத்த பெயர்.

அன்றைக்கு அவனுக்கு இருந்தது ஒரே வேலை. பல் டாக்டரம்மாவின் இணையப் பக்கத்தில் ‘நேரம் பதிவு செய்ய’ என்றிருந்த நீலப் பட்டனைப் பச்சையாக்க வேண்டும். நீலத்தைப் பார்த்தால் நோயாளிகளுக்கு ஊசி ஞாபகம் வருகிறதாம். மாலைக்குள் டாக்டரம்மா பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் அவன் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் என்ன என்பதை மேலாளர் வாயால் சொல்லவில்லை. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

“என்ன, கலர் மாத்தியாச்சா?” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

“மாத்தினேன். அது திரும்ப மாறிடுச்சு.”

“பட்டனா, பச்சோந்தியா?”

அவன் ஐடிஇ-யைத் திறந்தான். நிரல் எழுதுவது, சோதிப்பது, கிளவுடுக்கு அனுப்புவது எல்லாம் அந்த ஒரே ஜன்னலில் நடக்கும். தப்பு செய்வதற்கும் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

நிரலில் பச்சை என்றுதான் இருந்தது. மறுபடியும் ஏற்றினான். ‘வெற்றி’ என்று வந்தது. கைப்பேசியில் பட்டன் பச்சையானது. “இங்க பாரு” என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் நீட்டினான்.

“நீலமாத்தானே இருக்கு?” என்றாள்.

“உன் கண்ணு பட்டுடுச்சு.”

“என் கண்ணைச் சொல்லாத. பெருசா ஏதாவது மாத்திப் பாரு. அது நிக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பட்டனை விட்டுவிட்டு மொத்தப் பக்கத்தையும் பச்சையாக்கி ஏற்றினான். உடனே மேஜைத் தொலைபேசி அலறியது. டாக்டரம்மா.

“என்னப்பா, என் பக்கம் பூரா பாசி பிடிச்ச மாதிரி இருக்கு? பல் டாக்டர் பக்கம் இப்படியா இருக்கும்? பேஷண்ட் பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“அது வந்து மேடம், ஒரு சோதனைக்காக...”

“இரு, இரு. இப்ப சரியாயிடுச்சு.”

“ஆயிடுச்சா மேடம்!”

“பாசி போயிடுச்சு. பட்டன் மட்டும் நீலமாவே இருக்கு.”

இதற்குள் மேலாளர் வந்து நின்றுவிட்டார். கூடவே பூட்டு சாரும் வந்தார். யார் எந்தக் கணக்கில் உள்ளே நுழையலாம், யார் நுழையக் கூடாது என்று பார்த்துக்கொள்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“நேத்து ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கத்தைக் கண்காணிக்கிற முறை உன்னுதுதானே?” என்றார் மேலாளர். “ஏதாவது விபரீதமா தெரிஞ்சுதா?”

“ஒண்ணுமே தெரியல சார். நாள் பூரா கண்கொட்டாம பார்த்தோம்.”

“பார்த்தோமா?”

“பார்த்தேன் சார்.”

பூட்டு சார் திரையில் பதிவுகளை ஓட்டினார். பச்சை ஏறிய ஒவ்வொரு முறையும், அடுத்த சில நொடியில், ‘பழைய பதிப்புக்குத் திருப்பப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. திருப்பியவர் பெயரும் இருந்தது. அவர் அதை உரக்கப் படித்தார். செமிகோலனின் சொந்தப் பெயர்.

“நானா? சத்தியமா நான் இல்ல சார்!”

“எவனோ உன் கணக்குக்குள்ள பூந்திருக்கான்” என்றார் பூட்டு சார். “பாஸ்வேர்டை மாத்து.”

மாற்றினான். பச்சையை ஏற்றினான். நீலமானது.

“பாஸ்வேர்ட் மாத்தினா புதுசா வர்றவனைத்தான் தடுக்கலாம்” என்றார் பூட்டு சார். “ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கறவன் உக்காந்துதான் இருப்பான்.”

செமிகோலன் பட்டனை இன்னும் அடர்ந்த பச்சையாக்கினான். பட்டனின் பெயரை மாற்றினான். பழைய பட்டனை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தான். அந்த அவசரத்தில் டாக்டரம்மாவின் படம் காணாமல் போனது. நீலம் திரும்பியபோது படமும் பத்திரமாகத் திரும்பியது.

மேலாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய், அவர் முகத்தில் மரியாதை மாதிரி ஏதோ வந்திருந்தது. “அசரவே மாட்டேங்கிறானேய்யா! நம்ம ஆபீஸ்ல இப்படி வேலை மேல கண்ணா ஒருத்தன் இருக்கானா? அவன் மட்டும் கையில கிடைச்சா, போலீஸுக்குக் கொடுக்க மாட்டேன். இந்த நாற்காலியிலதான் உக்கார வைப்பேன்.”

செமிகோலன் தன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள்.

“என்னங்க, அப்பா சாப்பிடவே வரமாட்டேங்கிறார். காலையிலேருந்து ரூமை விட்டு வெளிய வரல. கேட்டா வேலை இருக்குங்கிறார்.”

மாமனார் மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க விளக்குகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு, வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லாததே பெரிய குறை.

“ரிட்டயர் ஆனவருக்கு என்ன வேலை? போனை அவர்கிட்ட கொடு... மாமா, எதுவா இருந்தாலும் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல போய்ச் சாப்பிடுங்க.”

“நீங்களே சொன்னா சரி மாப்ள” என்றார் மாமனார்.

போனை வைத்துவிட்டு, போகிற போக்கில் இன்னொரு முறை பச்சையை ஏற்றினான். பச்சையானது. காத்திருந்தார்கள். பச்சையாகவே இருந்தது. பக்கத்து சீட்டுக்காரி கை தட்டினாள். பூட்டு சார்கூட உதட்டோரம் கொஞ்சம் அசைத்தார். மேலாளர் எல்லாருக்கும் பிஸ்கட் வரவழைத்து, அது தீரும்வரை பட்டனைப் பார்த்தார். அது நின்றது. அப்புறம்தான் நம்பி டாக்டரம்மாவை அழைத்தார்.

“மேடம், முடிஞ்சது. இப்ப திறந்து பாருங்க.”

எல்லாரும் போனைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்.

“நீலம்” என்றார் டாக்டரம்மா.

மேலாளர் போனை மெதுவாக வைத்தார். அதுவரை சொல்லாத ஒரு யோசனையைப் பூட்டு சார் சொன்னார். “இவன் கணக்கை மொத்தமா மூடிப் பாக்கலாம் சார். வேற யாராவது ஏத்தட்டும்.”

செமிகோலனின் கணக்கு மூடப்பட்டது. பக்கத்து சீட்டுக்காரி தன் கணக்கிலிருந்து ஒரே ஒரு முறை பச்சையை ஏற்றினாள். அது நின்றது. டாக்டரம்மா பார்த்தார், சரி என்றார், நன்றியும் சொன்னார். அதற்கப்புறமும் நின்றது.

எல்லாரும் செமிகோலனைப் பார்த்தார்கள்.

“ஆக, நீ உள்ள இருந்தவரைக்கும் நீலம்” என்றார் மேலாளர். “உன்னை வெளிய தள்ளினதும் பச்சை.”

“சார், நான் ஏன் சார் என் வேலைக்கே உலை வைப்பேன்?”

“அதைத்தான் நாளைக்கு வந்து எழுத்துல கொடுக்கணும். நிரந்தரம் கிரந்தரம் எல்லாம் அப்புறம் பேசலாம். இப்ப கிளம்பு.”

பக்கத்து சீட்டுக்காரி மட்டும் வாசல்வரை வந்தாள். “எனக்கு நம்பிக்கை இருக்கு, நீ செய்யல” என்றாள். “ரகசியமா செய்யற அளவுக்கு உனக்கு சாமர்த்தியம் போதாது.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான். தன் பெயரில் தன்னையே தோற்கடித்த அந்தக் கிராதகன் யார் என்று நினைத்து நினைத்துப் பார்த்தான். ஒரு முகமும் பிடிபடவில்லை.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். “அப்பா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார். ஏதோ சொல்லணுமாம், எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிறார்.”

உள் அறையில் மாமனார் செமிகோலனின் பழைய லேப்டாப்புக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“வாங்க மாப்ள. நேத்து கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப, ‘இதுல எது மாறினாலும் இந்தப் பொத்தானை அழுத்தித் திருப்பி விட்டுடுங்க மாமா’ன்னு பொறுப்பைக் கொடுத்துட்டுப் போனீங்க, நேத்து ஒரு ஈ காக்கா வரல. ஆனா இன்னிக்கு எவனோ வேலைவெட்டி இல்லாத பய ஒருத்தன் காலையிலேருந்து பச்சை பச்சையா மாத்திக்கிட்டே இருந்தான், நீங்க சாப்பிடப் போகச் சொன்ன அந்தக் கொஞ்ச நேரம் தவிர, நம்ம லேப்டாப்பை வெளிய தள்ளுற வரைக்கும் ஒரு தடவைகூட அவனை நான் விடலியே!”