பத்து விரல்கள் மீது பொறாமை

பொறாமைப்படுவதற்கென்று ஆண்களுக்குச் சில நியாயமான காரணங்கள் உண்டு. பக்கத்து வீட்டுக் கார், கூட வேலை பார்ப்பவனின் அமெரிக்க விசா, மச்சினனின் தலைமுடி. நான் இன்னொரு மனிதனின் பத்து விரல்களைப் பார்த்து வயிறெரிந்தவன்.

2003-ல் தொம்மலூரில் குடியிருந்தோம். மகள் ஹரிணிக்கு இரண்டு மாதம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அழத் தொடங்கினால் ஏழரை வரை ஓயமாட்டாள். "வயித்துல வெறும் கேஸ்தான், மூணு நாலு மாசத்துல தானா சரியாயிடும்" என்றார் குழந்தை டாக்டர். (அதுவரை அவர் வீட்டில் வைத்துக்கொள்வாரா என்று கேட்க வாய் வரை வந்தது.) ஆபீஸிலிருந்து வந்து நான் தூக்கினால் அழுகை இன்னும் ஒரு கட்டை ஏறும். என் கையில் அவள் ஒருநாளாவது அடங்கமாட்டாளா என்று ஏங்கினேன்.

யாரோ சொன்னார்கள் என்று என் மனைவி சுமதி, காக்ஸ் டவுனில் ஜெயந்த் என்பவரிடம் குழந்தையைக் கொண்டுபோனாள். மருந்து கிடையாது, மசாஜ்கூடக் கிடையாது. குழந்தையின் தலைக்கடியிலும் இடுப்புக்கடியிலும் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாராம். அழுகை நின்றுவிடுமாம்.

"அவரு கை எவ்ளோ மெத்துமெத்துனு இருக்கு தெரியுமாங்க?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுது" என்றவள், என் கையையும் ஒருமுறை பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை நானும் கிளம்பிவிட்டேன். மாடியறையில் தரையோடு ஒரு மெத்தை. சுவரோரம் குழந்தைகளோடு மூன்று அம்மாக்கள். கத்திக்கொண்டே வந்த ஹரிணி, ஜெயந்த் கைவைத்த ஐந்தாவது நிமிடம் அடங்கினாள். அதோடு விட்டிருக்கலாம். சிரித்தாள். இரண்டு மாதமாக நான் குரங்குச் சேட்டையெல்லாம் செய்து காத்திருந்த முதல் சிரிப்பு! அதைத் தூக்கி அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டாள்.

"சும்மா கை சூடுதான் சார் இது. எங்க, எனக்குச் செய்ங்க பாப்போம். ஒண்ணும் ஆகலன்னா நாங்க இனிமே வரமாட்டோம்" என்றேன். சுமதி இடுப்பில் கிள்ளினாள்.

ஜெயந்த் கோபப்படவில்லை. "பரவாகில்ல சார், மல்கொளி" என்று கன்னடத்தில் படுக்கச் சொல்லி மெத்தையைக் காட்டினார்.

படுத்தேன். முழங்காலுக்குக் கீழே மெத்தை இல்லை. என்னை ஏமாற்ற முடியாது என்ற முகத்தோடு கையைக் கட்டிக்கொண்டேன். அவர் கை என் தலைக்கடியில் வந்தது. நூறு வரை எண்ணலாம் என்று ஆரம்பித்தேன். இருபத்துமூன்று வரை ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது அறையில் இரண்டு குழந்தைகள் அலறிக்கொண்டிருந்தன. என் குறட்டையில் எழுந்தவை. கன்னத்தில் எச்சில். என் கைக்குள் ஜெயந்தின் கட்டைவிரல்.

"முக்கால் மணி நேரம் ஆச்சு சார்" என்றார் அவர் கூச்சத்தோடு. "எடுக்கப் பாத்தேன், நீங்க விடல்ல."

அம்மாக்கள் துப்பட்டாவுக்குள் சிரித்தார்கள். சுமதியும் சிரிப்பாள் என்று திரும்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு மாசமா நான் தூங்கவே இல்லங்க. எத்தன தடவ இங்க வந்திருக்கேன், அந்த மெத்தைல நானும் செத்த படுக்கலாம்னு ஒரு நாளும் தோணலையே. நீங்க வந்த மொத நாளே படுத்துட்டீங்க!"

ஹரிணியை என் கையில் திணித்துவிட்டு, ஜெயந்தைக்கூடக் கேட்காமல் போய்ப் படுத்தாள். என் பொறாமையில் ஒரு நியாயமும் இல்லை. அவளுடையதில் முழுக்க இருந்தது.

ஒரு மணி நேரம் மாடிப்படியில் மேலும் கீழும் நடந்தேன். ஹரிணி விடாமல் அழுதாள். உள்ளே போய் ஜெயந்தைக் கூப்பிடலாம். சுமதி எழுந்துவிடுவாள். கூப்பிடவில்லை. கடைசியில் ஹரிணி என் தோளிலேயே தூங்கிப்போனாள். என் கைராசியா, அவளுக்கு அலுத்துவிட்டதா, இன்றுவரை நான் ஆராயவில்லை.

போன மாதம், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த ஹரிணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கக் கூட்டிப்போனோம். நாற்காலியைச் சாய்த்துவிட்டு டாக்டர் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. "டாக்டர், மொதல்ல எங்க அப்பாவப் படுக்க வைங்க. இல்லன்னா மனசு கஷ்டப்படுவாரு" என்றாள். சுமதி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் படுக்கவில்லை. (நாற்காலி நன்றாகத்தான் இருந்தது.)