அத்தான் வண்டிக்கு ஊற்ற வேண்டிய எண்ணெய்

வலங்கைமான் பக்கத்திலிருந்து,
புதன்கிழமை, காலை டிபன் இறங்காமல்

பெருமதிப்பிற்குரிய அத்தான் பகலவன் அவர்களின் சமூகத்திற்கு, மைத்துனன் வைரக்கண்ணு பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் வீட்டுக்காரி வானதி, கன்று போட்ட பசு, போர்செட் மோட்டார் ஆகிய அனைவரும் தங்கள் ஆசியால் சுகம். அவ்விடம் தாங்களும் அக்காவும் மணப்பெண் கயல்விழியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் வண்டி ஒன்றுதான் சுகமில்லை. இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் நான் "அத்தான், வண்டி..." என்று ஆரம்பித்தாலே "சுருக்கமா சொல்லு வைரம்" என்கிறீர்கள். சுருக்கிச் சொல்கிற மாதிரியா என் கஷ்டம் இருக்கிறது? கடிதம் என்றால் நடுவில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

சென்னை ஃபிளாட்டில் நிறுத்த இடமில்லை என்று தங்கள் அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசிடரை என் நெல் கொட்டகையில் கொண்டுவந்து விட்டீர்கள். நானும் மூட்டைகளை ஒதுக்கி, படுதா போட்டு மூடிப் பாதுகாத்து வருகிறேன். போன வாரம் கயல்விழி போன் பண்ணி, "மாமா, ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு நான் அந்த வண்டியிலதான் போவேன். தாய்மாமன் நீங்கதான் ஓட்டணும். இல்லன்னா திருவிடைமருதூருக்கு நடந்தே போறேன்" என்றாள். அத்தான், உடனே படுதாவை எடுத்துவிட்டு வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். தங்கள் குடும்பத்தில் என்னை இதுவரை வாழையிலைக் கட்டு கொண்டுவரச் சொன்னதைத் தவிர வேறெதற்கும் யாரும் கூப்பிட்டதில்லை. மறுநாளே தாங்கள் போன் பண்ணி, "பிரேக் ஆயில் பழசாயிருக்கும், சரியானதாப் பார்த்து மாத்து. புதன்கிழமைக்குள்ள சரியாகலன்னா வண்டியைத் தரங்கம்பாடி அரசப்பன்கிட்ட குடுத்துடு. அவர் கடற்கரை லாட்ஜ்ல போட்டோ எடுக்கிறவங்களுக்காக ரொம்ப நாளா கேக்கிறாரு. பொண்ணு ஏசி கார்ல போயிக்கட்டும்" என்றீர்கள். சரியானது எது என்று மட்டும் சொல்லாமல் போனை வைத்துவிட்டீர்கள். அத்தனைக்கும் மூல காரணம் அதுதான், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் மெக்கானிக் ஐயாவுவைக் கேட்டேன். "பழைய வண்டிக்கு மூணு போதும் மாமா" என்றான். என்ன மூணு என்று புரியாமல் கும்பகோணம் போய் மெஹராஜ் பேகம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றால், அந்தம்மா பிரேக் ஆயிலிலேயே டாட் மூணு, டாட் நாலு, டாட் அஞ்சு என்று டப்பாக்களை வரிசையாக அடுக்கிவிட்டார். நெல் ரகத்துக்கே நம்பர் வைத்திருக்கிற நமக்கு நம்பர் புதுசா? குறுவைக்கு ஆடுதுறை முப்பத்தாறு, சம்பாவுக்கு ஆயிரத்தொன்பது, நம்பர் பெரிதானால் பயிரின் வயசும் கூட. அந்தக் கணக்கில் வயசான வண்டிக்கு அஞ்சுதான் என்று கை நீட்டினேன். அது சிலிகானாம், ஊதா கலராம். அப்படியானால் மூணிலும் அஞ்சிலும் பாதிப் பாதி கொடுங்கள், கலந்து ஊற்றிவிடுகிறேன் என்றேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, இது என்ன பூச்சிமருந்தா, ரெண்டைக் கலந்து அடிக்கிறதுக்கு? மூணும் நாலும் ஒன்னோட ஒன்னு சேரும். அஞ்சு எதோடயும் சேராது. உங்க வண்டிக்கு மூணோ நாலோ ஊத்துங்க, சீல் உடைக்காத டப்பாவா ஊத்துங்க. திறந்து வெச்சா காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்துக்கும், அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். ஈரம் என்று சொல்லியே கொள்முதலில் டெல்டாக்காரன் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அந்தம்மாவுக்குத் தெரியுமா? மூணில் ஒன்று, நாலில் ஒன்று வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஐயாவு வந்து பழைய எண்ணெயை இறக்கிவிட்டு மூணை ஊற்றினான். அவன் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு "மிதிங்க... விடுங்க..." என்று கத்த, வானதி உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்து விட்டாள். "இத்தனை மிதிக்கு ரெண்டு மூட்டை நெல்லு அவிச்சிருப்பேன்" என்றாள். பிறகு ஐயாவு ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். வெண்ணெய் மாதிரிப் போனது, மிதித்த இடத்தில் நின்றது. அவன் போனதும் நான் ஏறி உட்கார்ந்தேன். ஒன்று சொல்ல வேண்டும் அத்தான், அந்தக் காலத்து வண்டியில் எல்லாம் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் பை மாட்ட ஒரு கம்பி இருக்கிறதே, என்ன வசதி! மிச்ச டப்பா இருந்த பையை அதில் மாட்டி, கீழே சரியாமல் கம்பியை நல்லா மேலே தூக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அப்புறம் பாருங்க, வண்டி முனகுது, போக மாட்டேங்குது. ஆக்சிலேட்டரை அழுத்தினா சண்டி மாடு மாதிரி இழுத்துக்கிட்டு நாலடி போவுது. வாய்க்கால் பாலத்துல ஏறுறதுக்குள்ள பின்னாடி சக்கரத்துல கருகின வாடை, தொட்டுப் பார்த்தா தோசைக்கல்லுச் சூடு. பின்னால டவுன் பஸ்ஸு ஆரனை அடிச்சுக்கிட்டு நிக்கிறான். கண்டக்டர் இறங்கி வந்து, "பெரியவரே, காரு ஓட்டுறீங்களா, ஏரு ஓட்டுறீங்களா?"ங்கிறான். எனக்கு மானம் போச்சு அத்தான்!

ஐயாவு ஓடி வந்தான். நல்ல சுத்தமான ஆளு, பையை எடுத்து மரியாதையா என் கையில குடுத்துட்டுத்தான் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் வண்டி அவனுக்குச் சமத்தா ஓடுது! "நல்லாத்தானே இருக்கு மாமா" என்கிறான். அவன் தலை மறைஞ்சதும் பையை முன்ன மாதிரியே கம்பியில தூக்கி மாட்டிக்கிட்டு நான் எடுத்தேன், மறுபடியும் முனகல். நான் உட்கார்ந்து யோசிச்சேன். ஐயாவு எண்ணெய் ஊத்தின சூட்டுல நல்லா ஓடுது, கொஞ்ச நேரம் கழிச்சு நான் எடுத்தா ஓடலை. அப்படின்னா நடுவுல எண்ணெய் ஈரம் குடிக்குதுன்னுதானே அர்த்தம்? கொட்டகைக்குப் பின்னால வாய்க்கால், சுத்தி நடவு வயலு, ஈரத்துக்கா பஞ்சம்?

ஈரத்தைக் கண்டுபிடிக்க நம்ம ஊர்ல ஒரே மெஷின்தான். நேரா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், "தம்பி, அந்த ஈரப்பதம் பார்க்கிற மெஷின்ல இதுல ரெண்டு சொட்டு விட்டுப் பாரேன், நெல்லு மாதிரி பதினேழு சதவீதத்துக்கு மேல இருந்தா சொல்லிடு"ன்னு டப்பாவை நீட்டினேன். அங்க நெல்லைக் கொட்டிட்டு வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சு ஓஞ்சதும், அந்தத் தம்பி கையெடுத்துக் கும்பிட்டு என்னை வெளியில கொண்டாந்து விட்டான். கும்பிட்டது மரியாதைக்குத்தான்னு நான் வானதிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், நீங்களும் அப்படியே வெச்சுக்குங்க.

அப்புறம் மூணை இறக்கிட்டு நாலை ஊத்தினோம். வானதி மறுபடியும் மிதிச்சா, என்னைப் பார்த்துக்கிட்டே மிதிச்சா. ஊத்துறப்ப கொஞ்சம் மட்கார்டுல சிந்திடுச்சு. துண்டால துடைச்சேன், துண்டோட பெயிண்டும் வந்துடுச்சு. இந்த எண்ணெய் பெயிண்டைத் தின்னும்னு ஐயாவு அதுக்கப்புறம் சொல்றான். பதறாதீங்க, அந்த இடத்துல "கயல்விழி - இளம்பரிதி" ஸ்டிக்கரை ஒட்டிட்டேன். மாப்பிள்ளை பேர் மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கு. நாலு ஊத்தியும் அதே கதைதான். ஐயாவுக்கு ஓடுது, எனக்கு முனகுது. ஒரு நிமிஷம் இருங்க, வண்டியை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்.

பார்த்துட்டேன், அப்படியேதான் நிக்குது. எனக்கு உட்கார்ந்தா நிக்கத் தோணுது, நின்னா உட்காரத் தோணுது. ஐயாவு ஒரு கத்துக்குட்டி, மெஹராஜ் பேகம் ஈரம்னு சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தவங்க, நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, இந்த வண்டியை வாங்கினதே உங்க தப்பு. ஓட்டுறவனைப் பார்த்து மூஞ்சியைத் திருப்புற வண்டியில, கல்யாணப் பொண்ணை ஏத்திக்கிட்டு ஆடுதுறை ரோட்டுல பாதியில நின்னா, நான் யார் மூஞ்சியில முழிப்பேன்? அதனால முடிவு பண்ணிட்டேன். அரசப்பனுக்குப் போன் பண்ணியாச்சு, இன்னைக்கு மத்தியானம் கட்டி இழுக்க வண்டியோட வர்றாரு. புள்ளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. மாமா ஆசைப்பட்டான், வண்டி ஒத்துக்கலைன்னு நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. இதை எழுதுறப்ப கண்ணு கலங்குது அத்தான், மறைக்க என்ன இருக்கு.

அக்காவுக்கு எங்கள் வணக்கமும், மணமக்கள் நெல்லும் நீருமாய் நிறைந்து வாழ எங்கள் ஆசியும் உரித்தாகுக. ஏசி காருக்குத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ளவும். வாழையிலை வழக்கம்போல் என் பொறுப்பு.

இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள
வைரக்கண்ணு

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் படிக்காதீங்க. படிச்சிருந்தா மறந்துடுங்க. அரசப்பன் வந்தாரு. சீட்டுல உட்கார்ந்தாரு. "ஹேண்ட் பிரேக்குல யாரு பையை மாட்டினது?"ன்னு பையை எடுத்து என் கையில குடுத்துட்டு, கம்பியை டக்குனு கீழே இறக்கினாரு. "இதை இழுக்க வண்டி எதுக்குங்க, ஓட்டிக்கிட்டே போயிடறேன்"னு கிளம்பியே போயிட்டாரு! முப்பது வருஷமா டிராக்டர் ஓட்டுறேன், அதுல நிறுத்தி வைக்கப் பெடலை மிதிச்சுக் கொக்கியை மாட்டினா முடிஞ்சுது, இப்படி ஒரு கம்பி பிரேக்கா இருக்கும்னு எனக்கு எங்கே தெரியும்? போனை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் வாய்க்கால் வரப்புல குறுக்கால ஓடி, பாலத்து முனையில பையோட ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வண்டிக்கு முன்னால நின்னுட்டேன். அரசப்பன் மிதிச்சாரு பாருங்க. வண்டி நின்னுச்சு. என் வேட்டிக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு சாண்தான். ஊத்த வேண்டியது நாலுதான் அத்தான், என் மேலயே சோதிச்சுப் பார்த்துட்டேன். அரசப்பன் நடுக்கம் தெளியறதுக்காக இங்க மோர் குடிச்சுக்கிட்டு இருக்காரு, வண்டி வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. ஏசி காரை வேணாம்னு சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை புள்ளையை நான்தான் ஓட்டிக்கிட்டு வர்றேன். பையை வானதி மடியில வெச்சுக்குவா.