கரடிக்கு எதுக்குச் சிவப்புச் செருப்பு?

"இன்னும் எவ்வளவு நேரம் உள்ளேயே இருப்பீங்க?"

குளியலறைக் கதவு இரண்டாவது முறை தட்டப்பட்டபோது சத்தக்காரர் தன் இடது கையை மடக்கி, முழங்கைக்குச் சற்றுக் கீழே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நாவற்பழ நிறத்தில், ஒரு வாய் அகலத்துக்கு, கன்றிப்போன தடம். நேற்று ஒன்றுதான் இருந்தது. இன்றைக்குப் பக்கத்தில் இன்னொன்று.

"இதோ வந்துட்டேன்மா!" என்று குரல் கொடுத்துவிட்டு, அதன் மேல் முகப்பவுடரை அப்பினார். நாவற்பழம் கத்திரிக்காய் ஆனதே தவிர மறையவில்லை.

அவரைச் சத்தக்காரர் என்று அழைத்தது சினிமாக்காரர்கள்தான். படத்தில் யாராவது நடந்தால் நடக்கிற சத்தம், கதவு திறந்தால் தாழ்ப்பாள் சத்தம், குடை விரிந்தால் அந்த 'டப்' எல்லாம் அவர் கைவேலை. குதிரை ஓடினால் தொடையில் தட்டுவார். எலும்பு முறிந்தால் கேரட்டை ஒடிப்பார். இருபத்திரண்டு வருஷத் தொழில். இதுவரை எந்தக் கேரட்டும் அவரை இப்படி மாட்டிவிட்டதில்லை.

மாட்டிவிட்டது முத்தம்.

இப்போது அவர் வேலை செய்யும் படத்தில் ஒரு கணவன், மனைவியைச் சந்தேகப்படுகிறான். அவள் மேல் எந்தத் தடயமும் கிடைப்பதில்லை. சுவருக்கு அந்தப்புறமிருந்து சத்தங்கள் மட்டும் கேட்கின்றன. செருப்புச் சத்தம், பட்டுத்துணி உரசும் சத்தம், கட்டில் கிறீச்சிடும் சத்தம், அப்புறம் முத்தம். "இந்தப் படத்துக்கு ஹீரோவே நீங்கதான் சார்" என்று டைரக்டர் சொன்னதும் சத்தக்காரர் விழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தரும் அவரிடம் சொன்னதில்லை.

முத்தச் சத்தத்துக்கு உலகம் முழுக்க ஒரே வழிதான். தன் கையைத் தானே முத்தமிட வேண்டும். டைரக்டரோ, "ஏக்கம் பத்தலை சார், இன்னொரு தரம்" என்று பதினெட்டு தரம் வாங்கிவிட்டார்.

இதை வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு படத்தில் வேலை செய்து, அது டி.வி.யில் வந்து, படுக்கையறைக் காட்சி முடிந்ததும் திரை முழுக்க அவர் பெயர் வந்தபோது வீடே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. மனைவியின் அக்கா அந்த இடத்தில் படத்தை நிறுத்திவைத்து, பெயரை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தாள். அன்றைக்கே, "இனிமே குழந்தைங்க பாக்கற படம்தான்" என்று சத்தியம் செய்துவிட்டார். அதனால் இந்தப் படத்தை வீட்டில் கரடிப் படம் என்று சொல்லியிருந்தார். வழக்கமான ஸ்டூடியோவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஊருக்கு மறுகோடியில் இருந்த ஒரு புது ஸ்டூடியோவுக்குப் போய்வந்தார்.

கதவைத் திறந்தார். மனைவி நின்றிருந்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்வது அவள் வேலை. கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். அறிவிப்புக் குரல் வந்துவிடும்.

"கையில் உள்ள அந்தத் தடம் எதனால் ஏற்பட்டது?"

"இதுவா? கரடி."

"கரடி?"

"கரடி தேனை உறிஞ்சற மாதிரி ஒரு சீன். கையில வாய வெச்சு உறிஞ்சினாத்தான் அந்தச் சத்தம் வரும். கரடின்னா சும்மாவா, எவ்வளவு பெரிய மிருகம்!"

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஒரு வாரமாக மாலையிலும் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்; வீடு வந்து சேரும்போதே தொண்டை கட்டியிருந்தது. பாவம், எத்தனை ரயில்கள் தாமதமோ!

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மாடி வீட்டில் அக்கா இருந்தாள். மனைவியின் அக்கா. விவாகரத்து வக்கீல். பகல் முழுக்க மற்றவர்கள் குடும்பத்தைப் பிரித்துவிட்டு, மாலையில் தங்கை குடும்பத்தைக் காப்பாற்றக் கீழே இறங்கி வருவாள்.

"மாப்பிள்ளை, இந்த வெயில்ல எதுக்கு முழுக்கைச் சட்டை?" என்றாள் அன்று சாயங்காலம்.

"ஸ்டூடியோல ஏசி ஜாஸ்திக்கா."

"இங்க ஏசி இல்லையே."

"குளிர் உடம்புலயே தங்கிடுச்சு."

"கரடிக்கு எத்தனை வாய்?"

"ஒண்ணுதான்க்கா."

"அப்ப ரெண்டு தடம் ஏன்?"

"ரெண்டு கரடி" என்றார் சத்தக்காரர். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று அவருக்கே உறைத்தது.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போயிருந்த சமயத்தில், சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைக்கப்போன மனைவியின் கையில் இரண்டு சிவப்புக் குதிகால் செருப்புகள் அகப்பட்டன. கதாநாயகி மாடிப்படி ஏறும் காட்சிக்காகச் சத்தக்காரர் தன் காலுக்கே அளவெடுத்து வாங்கியவை. துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர் அவற்றை மேஜை மேல் பார்த்தார். மேஜைக்கு ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் அக்கா.

"கரடிக்கு எதுக்குச் சிவப்புச் செருப்பு?" என்றாள் அக்கா.

கரடி சர்க்கஸில் ஆடுவதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் அதற்குள் அவசரப்பட்டுவிட்டது.

"அது... உனக்குத்தான்மா வாங்கினேன். சொல்லாம வெச்சிருந்து தரலாம்னு."

மனைவியின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவளுக்கு அவர் செருப்பு வாங்கித் தந்ததே இல்லை. அவள் ஆசையாகக் காலை உள்ளே விட்டாள். கால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க, இதுல நானும் நீங்களும் சேர்ந்து நிக்கலாம் போலிருக்கே."

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்."

அக்கா செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். "அடி தேஞ்சிருக்கு. வலது குதிகால் உள்பக்கமாத் தேஞ்சிருக்கு. போட்டு நடந்த செருப்பு." பிறகு தங்கையின் தோளைத் தொட்டாள். "ஆறடிக்குக் குறையாத பொம்பளைடி. நல்ல கனம் வேற."

அவள் சொன்ன அடையாளம் அங்கம் அங்கமாக அவருக்குத்தான் பொருந்தியது.

இனிமேல் ஒரு சாமானையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, பேசுவதையும் வெளியிலேயே பேசிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தார். அதனால், ஸ்டூடியோவுக்குக் கிளம்பும் நேரத்தில் டைரக்டர் போன் செய்தபோது வீட்டுக்குள் பேசாமல் பின்வாசலுக்குப் போய், சுவரோரமாக நின்று, தாழ்ந்த குரலில் பேசினார்.

"சொல்லுங்க... ஆமா, புருஷன் படியேறி வர்றதுக்குள்ள முத்தத்தை முடிச்சிடறேன். எத்தனை செகண்ட் இருக்கு? ... பன்னிரண்டா? தாராளமாப் போதும். ... கட்டில் சத்தம் பத்தலையா? அப்ப வேற கட்டில் பாத்துடலாம், என் சிநேகிதன் வீட்டுல ஒரு பழைய கட்டில் இருக்கு. ... சேச்சே, வீட்டுல யாருக்கும் தெரியாது. கரடின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

தலைக்கு மேல் ஏதோ சொட்டியது. நிமிர்ந்து பார்த்தார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், பிழிந்த துணி ஒன்றைக் கையில் பிடித்தபடி, அக்கா அசையாமல் நின்றிருந்தாள்.

சாயங்காலம் அக்கா வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மனைவி மட்டும் வேலையிலிருந்து வந்து கட்டிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அறிவிப்புக் குரல் இல்லை. கட்டிப்போன தொண்டையில் அவளுடைய சொந்தக் குரல்தான் வந்தது.

"அக்கா என்னென்னமோ சொல்றா. நான் நம்பலை. ஆனா நீங்க எதையோ மறைக்கிறீங்க. அது மட்டும் நல்லாத் தெரியுது."

சத்தக்காரர் வாயைத் திறந்தார். இப்போதே சொல்லிவிடலாம்.

"தப்பு பண்ணியிருந்தாக்கூட பொறுத்துக்கலாங்க. ஆனா புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் மறைச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் வெளுத்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். "சரி, விடுங்க. நாளைக்குப் பேசலாம்."

கணவனின் துரோகத்தை வாயால் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். நாளை ஒரு காட்சிதான் பாக்கி. அது முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது, படத்தின் பெயர்ப்பட்டியலிலிருந்து தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஹீரோ என்று சொன்ன ஒரே படம். போகட்டும். அவளைவிட அது என்ன பெரிசு?

மறுநாள் காலை பதினோரு மணி. புது ஸ்டூடியோவின் கீழ்த்தளத்தில் சத்தப்பதிவு அறை. திரையில் கதாநாயகியும் காதலனும். படத்தில் குரல் இன்னும் சேர்க்கவில்லை. அந்த வேலை மேல்மாடியில், மாலை நேரங்களில் நடந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு வாரமாக அந்த ஊமைக் கதாநாயகி வாயை மட்டும் அசைக்க, சத்தக்காரர் அவளுக்கு நடந்தார், உட்கார்ந்தார், பெருமூச்சைத் தவிர மற்ற எல்லாம் செய்தார்.

கடைசிக் காட்சி என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். காலில் சிவப்புச் செருப்பு. ஒரு தோளில், மைக்குக்குப் பக்கத்தில் உரசுவதற்காகப் பட்டு இரவு அங்கி. ஒரு முழங்காலைப் பழைய கட்டில் மேல் வைத்து ஆட்டியபடி, இடது கையில் வாயைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு, டைரக்டர் கேட்ட அந்த ஏக்கத்தை முழுசாகக் கொட்டினார். கண்ணை மூடியதும் அவருக்கு மனைவியின் முகம்தான் வந்தது. நேற்று செருப்பைப் பார்த்து மலர்ந்த முகம். முத்தம் அபாரமாக அமைந்தது.

படாரென்று கதவு திறந்தது.

"கையும் களவுமா..." என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்த அக்கா அப்படியே நின்றாள். கையில் போன். படம் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

அவருடைய செருப்பைப் பார்த்தாள். அங்கியைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள்.

"அவ எங்க?"

"யாருக்கா?"

"ஆறடி!"

"நான்தான்க்கா அது" என்றார் சத்தக்காரர் பரிதாபமாக.

அக்கா திரையைப் பார்த்தாள். அங்கே கதாநாயகியும் காதலனும் இன்னும் பிரியவில்லை. அவள் போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். தொழிலில் முதல் தடவையாக ஒரு கட்சிக்காரரைத் தேவையில்லாமல் இழந்த வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"கரடிப் படம்னீங்களே, மாப்பிள்ளை?"

"மூணு வருஷத்துக்கு முந்தி நீங்க படத்தை நிறுத்திப் பேரைப் படிச்சீங்களே, அந்தப் பயம். இதுக்கு மேல மறைக்க எனக்குத் தெம்பு இல்ல. அவகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க. அவ எங்க?"

"வாசல்லதான் நிக்கறா. உங்க டாக்சி பின்னாடியே வந்தோம். இந்தத் தெருவுக்குள்ள வண்டி திரும்பினதுல இருந்து 'வேணாம்கா, போயிடலாம்கா'ன்னு ஒரே அழுகை. இழுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

சத்தக்காரர் குதிகால் செருப்போடேயே 'டக் டக்' என்று கதவருகே ஓடினார். கதவுக்குப் பின்னால் மனைவி, கைக்குட்டையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள். கண்கள் மட்டும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் பக்கமே போய்ப் போய் வந்தன.

"மன்னிச்சுக்கம்மா. இங்க வேற யாரும் இல்ல. இந்தக் கை, இந்தக் கால், எல்லாம் நான்தான். பொய் சொன்னது மட்டும்தான் தப்பு. இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். ஏதாவது பேசு."

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கைக்குட்டைக்குள்ளிருந்து, காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"பரவால்லீங்க. நான் எதுவும் நினைக்கலை. வாங்க, சீக்கிரம் வெளிய போயிடலாம்."

அழுது அழுது அவளுக்குக் குரலே போய்விட்டதென்று சத்தக்காரருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மனசா! ஒரு வார்த்தை திட்டவில்லையே!

"பாத்தீங்களாக்கா?" என்றார் அக்காவிடம். "இவளைப் போய் ஏமாத்தினேனே."

அந்த நேரத்தில் கண்ணாடித் தடுப்பின் கதவைத் திறந்துகொண்டு ஒலிப்பதிவாளர் வெளியே வந்தார். கழுத்தில் ஹெட்போன், முகம் நிறையச் சிரிப்பு.

"அட, மேடம்! உங்களுக்கு டப்பிங் சாயங்காலம்தானே, காலையிலேயே வந்துட்டீங்க? அதுவும் நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் ஒரே படத்துல இருந்தும் இதுவரைக்கும் பாத்துக்கவே இல்லையே. சார், நம்ம ஹீரோயினுக்குக் குரல் குடுக்கறது இவங்கதான். மேடம், ஒரு வாரமா உங்களுக்கு முத்தம் குடுத்துட்டு இருக்கறவர் இவர்தான்!"