கைலாசத்தின் மஞ்சள் கிருமி

பெரியப்பா வரவேண்டிய பஸ் வரவில்லை. பெண் பார்க்கும் இடத்துக்குத் தனியாகப் போய் என்ன பேசுவது என்று கைலாசத்துக்கு விளங்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் நெற்பயிருக்குள் வாழும் பாக்டீரியாக்களை இனம் பிரிப்பது அவன் உத்தியோகம். மனிதர்களோடு பழக்கம் குறைவு.

செவிலிமேட்டில், வாசலில் பெரிய கோலம் போட்ட புது வீடு என்று சொல்லியிருந்தார்கள். கோலத்தைத் தாண்டுவதற்குள் வீட்டுக்காரர் குமாரசாமி அவன் கைப்பையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க சார். வருவீங்கன்னு நேத்தே சொல்லிட்டுப் போனாங்க. காலையிலேர்ந்து காத்துக்கினு இருக்கோம்."

நாற்காலி வந்தது. உட்கார்ந்தான். கைலாசம் தன் வேலையைப் பற்றியே பேசினான்.

"நெல்லுத் தண்டை மருந்துத் தண்ணியில கழுவி, அரைச்சு வளர்ப்போங்க. உள்ள குடியிருக்கிற கிருமிங்க முளைச்சு வரும்."

"நெல்லுக்குள்ளயா?"

குமாரசாமியின் மனைவி வடிவாம்பாள் அரிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

சமாதானப்படுத்த நினைத்தான் கைலாசம். "பயப்படாதீங்கம்மா. நம்ம வயித்துக்குள்ளகூட கோடிக்கணக்குல இருக்குது."

வடிவாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சரி, திறமையைச் சொல்லி நம்பிக்கை ஊட்டலாம் என்று பட்டது. "பார்வைக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். சாயம் போட்டுக் கழுவிப் பார்ப்பேன். சிலதுல நிக்கும், சிலதுல போயிடும். எந்தச் சர்க்கரையைத் தின்னுதுன்னும் பார்ப்பேன். ஒண்ணை இன்னொண்ணுன்னு நான் தப்பாச் சொன்னதே கிடையாது."

குமாரசாமி பட்டு நெய்கிறவர். "சாயம் போச்சுன்னா அது சாயக்காரன் குத்தம் சார்," என்றார் மெதுவாக.

அப்போது மகள் திலகவதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, பாயில் உட்கார்ந்து, தலை குனிந்தபடி ரவிக்கையின் இடக்கையைச் சற்றே ஏற்றிவிட்டுக்கொண்டாள். அந்த நாணத்தில் கைலாசம் விழுந்தே போனான்.

"போன வாரம் மஞ்சளா ஒரு கிருமி கிடைச்சுதுங்க. எந்தப் புத்தகத்துலயும் இல்ல, புத்தம் புதுசு. அதுக்கு உங்க பொண்ணு பேரை வைக்கலாம்னு இருக்கேன்."

குமாரசாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். "அவ இன்னா சார் பண்ணா?"

"மரியாதைக்குத்தாங்க. ரொம்ப சாது. ஒருதரம் உள்ள வந்துட்டா உயிர் இருக்கிறமட்டும் அந்த இடத்தை விட்டுப் போவாது." தன்னைப் பற்றியும் ஜாடையாகச் சொல்லிவிட்டதாக அவனுக்குத் திருப்தி.

வடிவாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பொண்ணுக்குக் காய்ச்சல் ஏதாச்சும் வருமா சார்?"

"வந்தா என்னம்மா? காலம் பூரா நான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை வாய் திறக்காத திலகவதி இடக்கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"சீக்கிரம் அம்மை ஊசியைக் குத்திட்டு விடுங்க சார், பக்கத்து வீட்டுல பொண்ணு பார்க்க மாப்பிள்ளை வராராம், நாங்க போவணும்."