காகிதத்தில் இருபத்தொன்பது

"அம்மா வேஷமா? உனக்கா?" தயாரிப்பாளர் கெஸ்லர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "இருபது வயசுப் பொண்ணுக்கு அம்மா! உனக்கே இருபத்தொன்பதுதானே, கண்ணு?"

டெல்ஃபின் ரோர்க்கிற்கு நாற்பத்தொன்று. நடுவில் பன்னிரண்டு வருஷத்தை விழுங்கியது இதே ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவுதான். ஒப்பந்தம் 1951 டிசம்பரோடு முடிகிறது. நீச்சலுடையில் நிற்க இனி அவளை யாரும் கூப்பிடப் போவதில்லை. இந்த அம்மா வேஷமும் நழுவினால் ஹாலிவுட்டில் அவள் கதை முடிந்தது.

மறுநாள் நரைமுடி விக் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மேக்கப் பிரமாதம்!" என்றார் கெஸ்லர். "ஆனா உள்ள இருக்கிற சின்னப் பொண்ணு தெரியறாளே."

அதற்கடுத்த நாள் பிறப்புச் சான்றிதழோடு வந்தாள். கெஸ்லர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யாரு அடிச்சுக் கொடுத்தது? நம்ம பசங்க இதைவிடச் சுத்தமாப் பண்ணுவாங்க."

விஷயம் விளம்பரப் பிரிவுக்குப் போயிற்று. வயதைப் பற்றி வதந்தி கிளம்பிவிடப் போகிறதே என்று அவர்கள் உஷாராகி, வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் இன்னும் இரண்டைக் குறைத்துவிட்டார்கள். இப்போது இருபத்தேழு.

வேறு வழியில்லாமல் மகன் வாரனை இழுத்து வந்தாள். பத்தொன்பது வயது, ஆறடி உயரம். ஸ்டூடியோ கணக்கில் அவளுக்குத் தம்பி.

"தம்பியைக் கூட்டிட்டு வந்து மகன்ங்கறியே, இது உனக்கே அடுக்குமா?"

"சத்தியமா நான் பெத்தவன், சார்!"

வாரன் எதையும் காதில் வாங்காமல் மேஜைமேல் சாய்ந்து, கெஸ்லரின் டோநட்டை எடுத்துக் கடித்தான்.

"டேய்!" டெல்ஃபின் அதட்டினாள். "கேட்டுட்டு எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? சட்டையை உள்ள விடு! நேரா நில்லு!"

வாரன் நிமிர்ந்தான். கெஸ்லரும் தன்னையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சுருட்டை அணைத்தார்.

"எங்கம்மா குரல் மாதிரியே இருக்கு," என்றார் மெதுவாக. "வேஷம் உனக்குத்தான்."

படப்பிடிப்பின் முதல் நாள். மகளாக நடிக்கும் ட்ரூடி, கழுத்தில் பட்டு ஸ்கார்ஃப் பறக்க, செட்டில் துள்ளி ஓடுவது மேக்கப் அறையிலிருந்து தெரிந்தது. டெல்ஃபினுக்கு வயிறு எரிந்தது.

"அந்தத் துள்ளலைப் பாரு, ஆக்னஸ். பக்கத்துல நின்னா நான் கிழவிதான்."

மேக்கப்காரி ஆக்னஸ் பவுடர் டப்பாவை வைத்துவிட்டு ஒரு பெட்டியை நீட்டினாள்.

"சாக்லேட் எடுத்துக்குங்க, மேடம். ட்ரூடி கொடுக்கச் சொன்னாங்க. வெளிய சொல்லிடாதீங்க, நேத்து அவங்களுக்குப் பேரன் பொறந்திருக்கான்."