தை மாதக் கல்யாணத்துக்கு நான் வாங்கிய ஆறடி பிளேட்

வெள்ளைக்காரர் கல்யாணத்தை ஜூனில் வைப்பார்கள். வெயில் இருக்கும், புல் பச்சையாக இருக்கும், விருந்தாளிகள் வெளியில் நின்று குடிப்பார்கள். நாங்கள் லண்டனுக்கு வந்த பிறகும் தை மாதத்தில்தான் வைப்போம். பஞ்சாங்கம் கணித்தவருக்கு லண்டனில் தை மாதம் எப்படியிருக்கும் என்று தெரியாது. தெரிந்த நாங்களும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால் வருடத்தின் ஆக மோசமான நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டுச் சேலையும் திறந்த செருப்புமாக மண்டப வாசல்களில் நின்று நடுங்குவதை ஒரு பண்பாடாகவே வளர்த்து வைத்திருக்கிறோம். (காலுறை போட்டால் கொலுசு தெரியாதாம்.)

என்னுடைய கல்யாணமும் அப்படியொரு ஞாயிறுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். அன்று நடந்த கூத்துக்கு வானிலை, பஞ்சாங்கம், டிராக்டர் செய்த ஜப்பான்காரன் என்று எல்லோர் மீதும் பழி போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. குற்றவாளி நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. புல் வெட்டுவது, கோடு போடுவது, கழிவறையில் தாள் வைப்பது. ஊருக்கு எழுதிய கடிதங்களில் இதை ‘மைதான நிர்வாகம்’ என்று குறிப்பிட்டிருந்தேன். எனக்கு மேலே டெரிக் என்ற வயதான வெள்ளைக்காரர். மனிதரைவிடப் புல்லில் அதிகம் அன்பு வைத்தவர். எங்கள் இருவருக்கும் நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி டிராக்டர். நேர்முகத்தில், ஊரில், பரந்தனில், எங்கள் சித்தப்பாவிடம் பெரிய டிராக்டர் இருந்தது, அதன் மேலேயே வளர்ந்தவன் நான் என்று சொல்லித்தான் வேலை எடுத்தேன். பொய்யில்லை. மட்கார்டில் உட்கார்ந்து வளர்ந்தேன். ஓட்டியது சித்தப்பா.

சுகந்தியை ஒரு சிநேகிதன் வீட்டுப் பிறந்தநாளில் சந்தித்தேன். தாய் தகப்பன் ஊரில். அவள் லண்டனின் இன்னொரு மூலையில், பார்க்கிங் என்ற ஊரில், தாய்மாமன் ஞானம் மாமா வீட்டில் இருந்தாள். மாமாவின் கையில் ஏற்கெனவே ஒரு அக்கவுண்டன்ட் மாப்பிள்ளை இருந்தான். புல் வெட்டுகிறவனுக்குத் தன் மருமகளைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. நாலு மாதம் சுகந்தி சாப்பிடாமலும் பேசாமலும் இருந்து சம்மதம் வாங்கினாள். அவர் சம்மதித்தாரே தவிர, கல்யாணத்தை நிறுத்த ஒரு சாட்டுக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டேதான் இருந்தார்.

கழகத்தின் மண்டபத்தை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கார்த்திகை மாதம் மாமா பார்க்க வந்தார். வெளி கேற்றுக்கும் மண்டப வாசலுக்கும் நடுவில் எண்பது யார்ட் நீளத்துக்குக் கார் நிறுத்துமிடம். அதை ஒரு முறை நடந்து பார்த்தார்.

“தம்பி, தையில ஸ்னோ கொட்டினா என்ன செய்வீர்?”

“நான் இருக்கிறன் மாமா.”

“நீர் இருப்பீர். சனம் எப்பிடி உள்ளுக்கை வாறது? முகூர்த்தம் தவறினா நான் அபசகுனம் எண்டு பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.”

பனியை உருக்க மற்றவர்கள் செய்வதுபோல் உப்பைக் கொட்டிவிட்டுப் போகலாம். ஆனால் உப்புப் பட்டால் புல் செத்துவிடும் என்று டெரிக் ஒரு பிடி உப்பைக்கூட மைதானத்துக்குள் அனுமதித்ததில்லை. ஆகவே டிராக்டரின் பின்பக்கம் பூட்டிப் பனியை வழிக்கிற இரும்பு பிளேட் ஒன்று வாங்க வேண்டும் என்று கழகச் செயலாளரிடம் மன்றாடினேன். அவரும் இசைந்தார். “உனக்குத்தான் டிராக்டர் தெரியுமே, நீயே போய்த் தேர்ந்தெடு” என்றார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

குரோய்டன் தாண்டி விவசாயக் கருவிகள் விற்கிற ஒரு முற்றம். கம்பளித் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் இரண்டு பிளேட்டுகளைச் சுவரில் சாத்திக் காட்டினார். முதலாவது ஐந்தடி. இடமும் வலமும் சரித்துப் பூட்டலாம். அடியில் இரண்டு சின்ன இரும்புப் பாதங்கள். உன் டிராக்டருக்கு இதுதான் சரி என்றார். சரித்துப் பூட்டினால் பனி ஒரு கரையாக உருண்டு போகும். சரித்த பிறகும் பின் சக்கரத் தடம் இரண்டையும் மூடுகிற அகலம் இருக்கும். பாதங்கள் நிலத்தைச் சுரண்டாமல் பார்த்துக்கொள்ளும். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னார். இரண்டாவது ஆறடி. அசையாது, சரியாது, பாதமும் கிடையாது, கனம் அதிகம். அது பனிக்கல்ல, நிலம் மட்டப்படுத்த என்றார்.

என்னுடைய சிந்தனை மிகத் தெளிவாக இருந்தது. ஐந்தைவிட ஆறு பெரியது. ஆடுகிற சாமானைவிட ஆடாத சாமான் உறுதியானது. அதோடு, மட்டப்படுத்துவதற்கு என்று அவர் சொன்னதுமே எனக்குப் பரந்தன் வயல் ஞாபகம் வந்துவிட்டது. சேற்றை உழுத பிறகு சித்தப்பா டிராக்டருக்குப் பின்னால் நீளமான பலகையைக் கட்டி இழுப்பார். வயல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பலகை நேராக இருக்கும். கோணலாகக் கட்டிய பலகையை எந்த வயலில் கண்டீர்கள்? கிழவர் இரண்டாம் முறையும் கேட்டார், நிச்சயமாக இதுதானா என்று. எங்கள் ஆட்கள் இரண்டாயிரம் வருடமாக இந்த வேலை செய்கிறார்கள் என்று புன்னகையோடு சொன்னேன். (பரந்தனில் பனி கொட்டுவதில்லை என்ற சில்லறை விஷயம் அப்போது என் மண்டைக்குள் ஏறவில்லை.)

கல்யாணத்துக்கு முந்திய வியாழன் பனி தொடங்கி வெள்ளி முழுக்கக் கொட்டியது. சனிக்கிழமை காலை டெரிக் முதுகுப் பிடிப்போடு வீட்டில் படுத்திருந்தார். நான் தனியாக பிளேட்டைப் பூட்டி டிராக்டரில் ஏறினேன்.

பின்னால் பூட்டுகிற பிளேட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது பின்னால் வரும். முதலில் சக்கரம் பனியை மிதித்து இறுக்கும், அதற்குப் பிறகுதான் பிளேட் வந்து சேரும். சரித்துப் பூட்டியிருந்தால் மிச்சத்தையாவது ஒதுக்கித் தள்ளும். என்னுடையது நேராக நின்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தது. பத்து யார்டில் சக்கரம் சுற்றும், டிராக்டர் நகராது. பிளேட்டைத் தூக்குவேன், குவியல் அங்கேயே நிற்கும். அதன் மேல் ஏறி இறங்கி, மறுபடி இழுத்துப் பரப்புவேன். பதினொரு மணியளவில் எனக்குக் கை படிந்துவிட்டது. மேடு பள்ளம் இல்லாமல் அவ்வளவு அழகாக வந்தது. பனியை அகற்றுவதுதான் வேலை என்பது எப்போது மறந்துபோனது என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. மிஞ்சிய பனியை மண்வாரிச் சவளால் அள்ளி நாலு பக்கமும் ஒரு அடி உயரத்துக்கு வரம்பு கட்டினேன். மூலைகளைச் சவளின் முதுகால் தட்டி நேராக்கினேன். பிறகு உள்ளே போய் மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

“மாமா, வயல் மாதிரிக் கிடக்கு. வந்து பாருங்கோ.”

“றோட்டு மாதிரிக் கிடக்கோ?”

பொறாமையில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

மத்தியானம் வெயில் வந்து மேற்பனி உருகியது. சாதாரணமாக அந்தத் தண்ணீர் ஓடிப் போயிருக்கும். என் வரம்பில் ஒரு பொட்டுக் கசிவுகூட இல்லை. நான் கட்டிய முதல் வரம்பு, தண்ணீரை அப்படித் தாங்கி நிற்கிறதே என்று பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை வேட்டி சால்வையோடு வந்து பார்த்தால், தேங்கிய தண்ணீர் இரவில் உறைந்து, கேற்றிலிருந்து மண்டபம் வரை ஒரே கண்ணாடி. டெரிக் கல்யாணத்துக்காகக் கோட்டு சூட்டுப் போட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வெகு நேரம் பார்த்தார். நாற்பது வருடமாகப் புல்தரையை இப்படி ஒரு மட்டத்துக்குக் கொண்டுவர முயல்கிறேன், ஒருமுறைகூட முடிந்ததில்லை என்றார். அவர் பாராட்டவில்லை என்பது எனக்கே விளங்கியது.

வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் கம்பூட்ஸ் போட்டு, மறுபடி டிராக்டரில் ஏறினேன். பிளேட் ஐஸின் மேல் கீச்சிட்டது, ஒரு கீறல் விழவில்லை. பின்பக்கம் தொங்கிய கனத்தில் முன் சக்கரம் நிலத்தில் சரியாகப் படியவில்லை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் டிராக்டர் தன் இஷ்டத்துக்குப் போனது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, கேற்றுக்குக் குறுக்கே போய் நின்றது. ஆறடி பிளேட் கேற்றுத் தூணில் இறுகிக்கொண்டது. ஆள் நுழைய மட்டும் ஒரு இடைவெளி மிஞ்சியது, இனி எந்தக் காரும் உள்ளே வராது. வீடியோ எடுக்கிற தம்பி நேரத்துக்கே வந்து எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார். நல்ல தொழில் பக்தி.

ஐயரும் சமையல்காரரும் விடியவே வந்து எப்படியோ உள்ளே போயிருந்தார்கள். மற்றச் சனமெல்லாம் றோட்டில் நின்றது. தவில்காரர் மட்டும் தைரியமாக இறங்கி, நாலாவது அடியில் உட்கார்ந்து, தவிலை மடியில் அணைத்தபடி மண்டப வாசல் வரை ஒரே வழுக்கில் போய்ச் சேர்ந்தார். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு இருந்த தைரியமும் போய்விட்டது.

பத்தரைக்குச் சுகந்தி இருந்த பொம்பிளை கார் வந்தது. முகூர்த்தம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. மாமா இறங்கி ஐஸைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், என் கம்பூட்ஸைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகம் சாந்தமாக இருந்தது.

“சரி தம்பி, என்ன செய்யிறது. வைகாசியில பாப்பம். நான் போய் ஆக்களுக்கு போன் எடுத்துச் சொல்லிப்போட்டு வாறன்.”

மூலையில் இருந்த டெலிபோன் பெட்டியை நோக்கி, பையில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு நடந்தார். வைகாசி வராது என்று எனக்குத் தெரியும். வைகாசியில் அக்கவுண்டன்ட்தான் வருவான். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அழுதேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை, அன்று மிகவும் வெட்கமாக இருந்தது.

சுகந்தி பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேற்றடிக்கு வந்தாள்.

“அழுதது காணும், போதும். உப்பு இருக்கோ?”

“டெரிக் வச்சிருக்கிறேல்லை. புல்லு செத்துப்போமாம். மூலைக் கடையிலையும் நேற்றே முடிஞ்சுதாம்.”

“சமையல்காரரிட்டை?”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு நாலு காலில் தவழ்ந்து குசினிக்குப் போனேன். சமையல்காரர் பொன்னுத்துரை அண்ணையின் அடுப்பில் ஏழு கறி கொதித்துக்கொண்டிருந்தது. மூலையில் இருபத்தைந்து கிலோ உப்பு மூட்டை, வாய் பிரித்தபடி.

“அண்ணை, உப்பு வேணும்.”

“ஒரு கரண்டி காணுமோ?”

“மூட்டை.”

“முந்நூறு பேர் தம்பி. இன்னும் ஒரு கறிக்கும் உப்புப் போடேல்லை.”

“பொம்பிளை றோட்டில நிக்கிறா அண்ணை.”

அவர் சட்டிகளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். “ஒரு சிறங்கையாவது விட்டிட்டுப் போ” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கொண்டு போ. ஆர் சமைச்சது எண்டு கேட்டா என்ரை பேரை மட்டும் சொல்லாதை” என்று திரும்பிக்கொண்டார்.

மூட்டையைக் கண்டதும் டெரிக்குக்கு முகம் வெளுத்தது. ஆனால் அழுகிற மாப்பிள்ளையையும் றோட்டில் நிற்கிற பொம்பிளையையும் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி வைத்தார். புல்லில் ஒரு கல் உப்பு விழக்கூடாது என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, விதை தூவுவதுபோல் தானே கேற்றிலிருந்து வாசல் வரை ஒரு யார்ட் அகலத்துக்குத் தூவினார். ஐஸ் சடசடவென்று வெடித்தது. அரை மணியில் ஒரு ஒற்றையடிப் பாதை திறந்தது. சுகந்தி என் கம்பூட்ஸைக் கழற்றச் சொல்லித் தான் போட்டுக்கொண்டாள். நான் வெறுங்காலோடு நின்றேன்.

எல்லோரும் ஏற்கெனவே புறப்பட்டிருந்ததால் போனில் ஒருவரையும் பிடிக்க முடியாமல் வந்த மாமா, பாதையைக் கண்டு அப்படியே நின்றார்.

“கவுன்சில் லொறி வந்ததோ?”

“ஓம் மாமா,” என்றாள் சுகந்தி. அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது தாலி கட்டினேன்.

பிறகு பந்தி. முந்நூறு பேரும் முதல் வாய் வைத்துவிட்டு ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். கல்யாண வீட்டில் குறை சொல்லக்கூடாது என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊறுகாய்ப் போத்தல் மட்டும் முதல் வரிசையிலேயே முடிந்தது. ஒரு பப்படத்துக்காக இரண்டு பெரிய மனிதர்கள் தங்களுக்குள் முகம் கோணிக்கொண்டார்கள். விஷயம் என்னவென்று மெதுவாக வரிசை வரிசையாகக் காதுக்குள் போனது. மாமாவின் வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டது. அவருக்குச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

மாமா சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு கேட்டார். கத்தரிக்காயை மூன்றாம் தரம் கேட்டார். பிறகு கையைக் கழுவாமலே என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, எனக்குப் பிரஷர். டொக்டர் உப்புத் தொடக்கூடாதெண்டு சொல்லி ஆறு வருசம். இந்த ஆறு வருசமும் ஒரு கலியாண வீட்டிலையும் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை. வெறும் சோறும் தயிரும். ஆர் உமக்குச் சொன்னது?”

சுகந்தியைப் பார்த்தேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தரும் சொல்லேல்லை மாமா. நானாத்தான் யோசிச்சன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “உம்மை நான் பிழையா நினைச்சிட்டன்” என்றார். எச்சில் கையால் என் தோளைப் பிடித்தார். வெட்கம் கெட்டவன், நான் தலையைக் குனிந்து அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

மாமா அதற்குப் பிறகு இந்தக் கதையைச் சொல்லாத வீடு லண்டனில் இல்லை. தன் ஒருவனுக்காக முந்நூறு பேரைப் பத்தியம் சாப்பிட வைத்த மருமகன் என்பார். கேட்கிற முந்நூறு பேரும் தலையாட்டுவார்கள். ஒருவர்கூட இதுவரை அவரிடம் உண்மையைச் சொன்னதில்லை. எங்கள் சனத்தால் காப்பாற்ற முடிந்த ஒரே இரகசியம் இதுதான். போன வருடம் அவருக்கு எண்பது நிறைந்தது. விருந்து என் பொறுப்பில்தான், சமையல் அன்றைக்கு மாதிரியே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அப்படியே செய்தேன். அழைத்த எல்லோரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். பந்தியில் மாமா குனிந்து சாப்பிடத் தொடங்கியதும், சுகந்தி உட்பட அத்தனை பேரும் மடியிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் ஆளுக்கொரு உப்புப் பொட்டலத்தை வெளியே எடுத்தார்கள்.