கிராம் மாமாவின் கல்யாண கேக்

ஹட்டன் நகரத்துக் கடை முதலாளிகளை ஒரே நாளில் வரிசையாக வியர்க்க வைத்த மனிதர் கிராம் மாமா ஒருவர்தான். ஹட்டன் குளிரில் ஓர் ஆளை வியர்க்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் மாமா எங்களுக்குப் பக்கத்து வீடு. தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவர். லயத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாமாதான். அந்த மாமாவுக்கு முன்னால் 'கிராம்' என்ற பட்டம் சேர்ந்தது மகள் சுகந்தியின் கல்யாணத்தால். மாப்பிள்ளை வீடு கொழும்பு. கேக்கை அங்கே ஒரு ஹோட்டலில் சொல்லிவிடலாம் என்றார் சம்பந்தியம்மா. பெண் வீட்டுக் கேக்கை நானே செய்வேன் என்று மாமா சபையிலேயே சொல்லிவிட்டார். அதுவரை அவர் தனக்கென்று ஒரு தேத்தண்ணி கூடப் போட்டுக் குடித்தவர் இல்லை.

போனில் வீடியோ பார்த்துப் பழகினார். டம்ளரால் அளந்து செய்த முதல் கேக்கை லொறிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம். அடுத்ததைக் கரண்டியால் அள்ளிக் குடித்தோம். வீடியோக்காரம்மா எல்லாவற்றையும் கிராமில் சொல்கிறார், நம் வீட்டில் கிராமே இல்லை, அதுதான் கோளாறு என்று மாமா கண்டுபிடித்தார். எலக்ட்ரானிக் தராசு வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கையில் மாவு குழைக்கும் பெரிய பேசின். அதற்குள் பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பக்கெட்டும் ஒரு பொட்டலம் ஏலக்காயும்.

முதல் கடையில் கண்ணாடித் தட்டு வைத்த அழகான தராசு. மாமா பேசினைத் தூக்கி அதன்மேல் வைத்தார். நம்பர் பேசினுக்கு அடியில் போய்விட்டது. கன்னத்தை மேசையில் பதித்து எட்டிப் பார்த்துவிட்டு, இதில் படுத்துக்கொண்டுதான் கேக் செய்யலாம் என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த கடையில் ஏலக்காயை ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்துப் போட்டார். பாதியிலேயே தராசு தானாக அணைந்துவிட்டது. வேலை நேரத்தில் தூங்குகிறவனை நான் லொறியிலேயே ஏற்றமாட்டேன் என்றார். இன்னொரு தராசுக்குச் சட்டைப் பொத்தான் மாதிரி பேட்டரி. தீர்ந்தால் தோட்டத்துக் கடையில் கிடைக்காது. அதுவும் கழிந்தது.

கடைசிக் கடையில் தட்டையாக ஒன்று இருந்தது. சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரிதான் அதற்கும். மாமாவின் குசினியில் கேஸ் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகை அகலம்தான் இடம். வேலை முடிந்தால் இதை நிமிர்த்திச் சாத்தி வைக்கலாம். சீனிப் பக்கெட்டை நடுவில் வைத்தார், பிறகு மூலைக்கு மூலை நகர்த்தினார். சரியாக ஒரு கிலோ, எங்கே வைத்தாலும் மாறவில்லை. நாலைந்து ஏலக்காய்க்கும் நம்பர் அசைந்தது. சாமான் வாங்க வந்தவர்கள் வாங்குவதை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பேசினை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதன் பாரம் கழிந்து பூச்சியம் வரும் என்று முதலாளி அழுத்திக் காட்டினார். மாமா அந்தப் பூச்சியத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலையில கொழுந்து நிறுக்கையில சாக்குக்குக் கழிச்சாங்க, தண்ணிக்குக் கழிச்சாங்க. இது சட்டிய மட்டுந்தான் கழிக்குதுங்க மொதலாளி. நல்ல சாமான். கட்டிக் குடுங்க."

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து லயத்தில் தராசு ஏறாத பொருள் இல்லை. ரொட்டி மாவு, சுகந்தியின் பின்னல், எங்கள் வீட்டுப் பூனைக்குட்டி எல்லாம் ஏறி இறங்கின. கேக்கும் வாரத்துக்கு வாரம் தேறி வந்தது. ரவையும் கஜு முந்திரியும் மணக்க மணக்க லயமே தின்று பார்த்தது, நாக்கைச் சப்புக்கொட்டியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் துண்டுகளை வெட்டி ஒவ்வொன்றையும் நிறுத்துத்தான் விருந்தாளிக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டியில் வைத்தார். கூடினால் சீவினார். சீவியதெல்லாம் எனக்கு. தோட்டத்து மேனேஜர் தொரைக்கு மட்டும் கொஞ்சம் பெரிசாக வைக்கலாமே என்று கணக்கப்பிள்ளை காதோரம் சொல்லிப் பார்த்தார்.

"தொரைக்கும் வாய் ஒண்ணுதானுங்க" என்றார் மாமா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மண்டபத்தில் சம்பந்தியம்மா ஒரு பெட்டியைத் தின்று முடித்து இன்னொன்றைத் திறந்தார். கொழும்புக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் கட்டித் தரச் சொன்னார். மாமா வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு தொரையைவிட நிமிர்ந்து நின்றார்.

அப்போதுதான் சம்பந்தியம்மாவின் கண் சுகந்தியின் பெட்டியில் விழுந்தது. மூடி மூடவேயில்லை. உள்ளே செங்கல் அளவுக்கு ஒரு துண்டு.

"என்னங்க சம்பந்தி, பொண்ணுக்கு மட்டும் இம்புட்டு?"

மாமா வாசல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "அது தராசுல கோளாறுங்க."

சுகந்தி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் மை கரைந்தது.

பந்தியில் என் பக்கத்தில் இருந்த கொழும்புக்காரர், இந்தக் கேக்கை எந்த ஹோட்டலில் எடுத்தீர்கள் என்று கேட்டார். ஒரே ஒரு சுவர் மட்டும் நடுவில் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை.

"எங்க மாமா செஞ்சதுங்க" என்றேன், நாலு இலை தாண்டிக் கேட்கும்படி.